கேரமல் கரும்பு

தன் புருஷன் வெந்து செத்த கரும்பு வயலின் மேல் கட்டியிருந்த கடையில் உட்கார்ந்து அஞ்சலாட்சி முதன்முதலாகக் கேரமல் மில்க்‌ஷேக்கை உறிஞ்சியபோது, மேசைக்குப் பக்கத்தில் தரையோட்டை நெம்பிக்கொண்டு கரிந்த கரும்பு ஒன்று மேலே வந்தது. ஒரு மடக்குக்கு ஒரு கணு என்று வந்தது. அவள் நிறுத்தினால் நின்றது, உறிஞ்சினால் வளர்ந்தது. சோகை இலையெல்லாம் எரிந்துபோய், தோல் கறுத்து, வெடித்த இடங்களில் சாறு கசிந்து பாகாக இறுகி, தீப்பட்ட கரும்பு வெட்டுக்கு முன்னால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. அஞ்சலாட்சி அதை மேலும் கீழும் பார்த்தாள். கோப்பையில் பாதி இருந்தது. அங்கே வேலை பார்க்கிற மகள், கடை ஆட்களுக்கு உண்டான சலுகையில் வாங்கிக் கொடுத்தது, வீணாக்கக் கூடாது என்று மீதியையும் குடித்தாள். கரும்பு அவள் தலைக்கு மேலே போய் நின்றது.

கல்லாவுக்குப் பக்கத்தில் மைக்கில் ஆர்டர் நம்பர் சொல்லிக்கொண்டிருந்த மகள் வினோதினி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா இது?"

"கரும்பு."

"கரும்புன்னு தெரியுது. இங்க எப்படி?"

"இங்கதான் இருந்துச்சு" என்றாள் அஞ்சலாட்சி.

கடையின் மேனேஜர் ஜெபின் நாகர்கோவில் பக்கத்துப் பையன். அவன் கரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கறுப்பான விரலைக் கால்சட்டையில் துடைத்தான். கறுப்பு போகவில்லை. "யக்கா, டைல் ஒடஞ்சி போச்சே. கம்பெனிக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டான். அஞ்சலாட்சி, காலிக் கோப்பையை அவனிடம் நீட்டி, இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னாள்.

உண்மையில் அவள் சொல்ல நினைத்தது வேறு. முதலில் பல் கூசியது, அப்புறம் பால், அப்புறம் தித்திப்பு, எல்லாம் இறங்கின பிறகு அடிநாக்கில் ஒரு கருகல் நின்றது. அந்தக் கருகலை அவளுக்குத் தெரியும். கரிக்கரும்பு வெட்டுகிற நாளில் வியர்வையைத் துடைக்கிற புறங்கையோடு உதட்டுக்கு வந்து சேர்கிற ருசி அது. புருஷன் செத்த மூன்றாம் நாள், அவன் செத்த வயலிலேயே இறங்கி, கூலியில்லாமல் கரும்பு வெட்டியபோது பொழுதெல்லாம் அவள் வாயில் இருந்த ருசி. அதை இப்போது பனிக்கட்டி போட்டு, மேலே நுரை வைத்து, மூடி போட்டு, பேர் வைத்து விற்கிறார்கள்.

அவர்கள் ஊரான மேலத்தாங்கலில் கரும்பு எரிவது புதிது இல்லை. பச்சைக் கரும்பு என்றால், வெட்டச் சொல்லி ஆலை கொடுக்கிற கட்டிங் ஆர்டருக்கு வயல்காரன் ஆலை வாசலில் நிற்க வேண்டும், பூவெடுத்து எடை குறைந்து சக்கையாகிப் போனாலும் நிற்க வேண்டும். எரிந்த கரும்பு என்றால் சாறு புளிக்கும் முன் அரைத்தாக வேண்டும் என்பதால் ஆர்டர் உடனே வந்துவிடும். அதனால் சில வருஷங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கரும்பு தானாகப் பற்றிக்கொள்ளும். தானாகப் பற்றிக்கொள்கிற கரும்புக்கும் ஒரு முறை இருந்தது. தீ வைக்கிறவன் நாலு வரப்பிலும் நின்று, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பான். புல்லறுக்கப் போனவள், எலி பிடிக்கப் போனவன், நிழலுக்குப் படுத்தவன், யாராக இருந்தாலும் "இருக்கோம், இருக்கோம்" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். அதன் பிறகுதான் குச்சி கிழிக்கப்படும். குரல் கேட்டவர்கள் யாரும் போய் எங்கேயும் சொன்னதில்லை, குரல் கொடுக்காமல் எவனும் வைத்ததுமில்லை. ஆலையை ஏமாற்றலாம், ஆளை எரிக்கக் கூடாது என்பது அந்த ஊரின் நேர்மையாக இருந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால், பெரிய வயல்காரன் தனகோடி தன் வயலுக்குத் தீ வைத்த மதியத்தில் ஆலையின் ஜீப் தார்ச்சாலையில் நின்றிருந்தது. குரல் கொடுத்தால் ஜீப்புக்குக் கேட்டிருக்கும். அஞ்சலாட்சியின் புருஷன் காத்தவராயன், தனகோடியிடம் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள், மடையைத் திருப்பிவிட்டுச் சோறு தின்றுவிட்டுப் கரும்பு நிற்கிற பாருக்கும் பாருக்கும் நடுவே சால் பள்ளத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறிய தீ, நடுவுக்கு வந்துதான் அணைந்தது. அன்று சாயங்காலம் தனகோடி ஊர் முன்னால் நின்று, தூங்கப் போனவன் பீடி பிடித்திருப்பான், அவனால் என் வெள்ளாமையே போச்சு என்று சொன்னான். காத்தவராயன் வெற்றிலை போடுகிறவன். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் இருமிக்கொண்டு எழுந்து போகிறவன். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கரும்பு வெட்டுகிற கூலியாட்கள் செட்டின் மேஸ்திரி பாவாடைக்கும் தெரியும். எல்லாரும் தனகோடி வயலில் வெட்டுகிறவர்கள், வெட்டப் போகிறவர்கள். அதனால் பாவாடை தலையை ஆட்டினான், பாவாடை ஆட்டியதால் மற்றவர்கள் ஆட்டினார்கள், விசாரிக்க வந்த போலீஸ்காரர் பீடி என்று எழுதிக்கொண்டு போனார். காத்தவராயனால் வந்த நஷ்டத்துக்கு அவன் ஆட்களே கூலியில்லாமல் வெட்டிக் கொடுக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். அஞ்சலாட்சியும் ஒரு பார் வெட்டினாள். அவளுக்கு விட்டுக் கொடுத்த பார், அவன் வெந்த நடுவை விட்டுத் தள்ளி, ஓரத்தில் இருந்தது. அதைத்தான் ஊர் அவளுக்குச் செய்த மரியாதை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

பைபாஸ் வந்து, அந்த வயல் மனையாகி, பஸ் நிற்க ஆரம்பித்தபோது அந்த இடத்துக்கு ஒரு பேர் தேவைப்பட்டது. "பீடிக்கொல்லை, பீடிக்கொல்லை எறங்கு!" என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். வினோதினி பள்ளிக்கூடம் போன பஸ்ஸிலும் கத்தினார்கள், வேலைக்கு வருகிற பஸ்ஸிலும் கத்துகிறார்கள். மனைகளையெல்லாம் விற்ற தனகோடி, நடு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் பேரில் கடை நடத்த உரிமை வாங்கி, கண்ணாடிச் சுவரும் சிவப்பு நாற்காலியுமாக அந்தக் கடையைக் கட்டினான். பொரித்த கோழியும் ரொட்டியும் மில்க்‌ஷேக்கும் விற்கிற அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் இருந்தது. ஊர் அதைக் கோழிக்கடை என்றது.

கரும்பு வந்த செய்தி பரவியது. யாரும் ஓடவில்லை, யாரும் அலறவில்லை. சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு சாக்லேட் மில்க்‌ஷேக் வாங்கிக் குடித்துப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஸ்ட்ராபெர்ரி குடித்தார்கள், வரவில்லை. கேரமல் குடித்தார்கள், வந்தது. அதன் பிறகு கேரமலுக்கு வரிசை நின்றது. பண்ருட்டியிலிருந்தும் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், வந்தவர்கள் கரும்போடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒரே கோப்பையில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்துத் தங்களுக்கென்று ஒரு கரும்பை எழுப்பிவிட்டு அதில் பேரைக் கீறினார்கள், யாரோ ஒருத்தி முதல் கரும்புக்கு மஞ்சள் துணி கட்டினாள், யாரோ சூடம் கொளுத்தப் போய்ப் புகை உணர்த்தும் கருவி கூவி எல்லார் மேலும் தண்ணீர் பொழிந்தது, நனைந்தவர்கள் அதையும் தீர்த்தம் என்று துடைக்காமல் போனார்கள். கோழிக்கடையில் கரும்பு வந்தால் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று ஜோசியர் இரண்டு விதமாகவும் சொன்னார். ஜெபின் டைல் ஒட்டுகிற ஆளைக் கடைக்குள்ளேயே இருத்திக்கொண்டான். கரும்பின் தூரைச் சுற்றி வட்டமாக ஓடு வெட்டி, வெள்ளை சிமெண்டு பூசி, பார்க்க அழகாகவே செய்தான் அவன்.

தனகோடிதான் எல்லாரையும் விடச் சந்தோஷப்பட்டான். கைகூப்பிய தன் படத்தைப் போட்டு, 'கரும்போடு கேரமல், நம்ம ஊரில் மட்டும்' என்று பைபாஸ் ஓரத்தில் பேனர் கட்டினான். கல்லாவுக்குப் பின்னால் நின்று, "குடிங்க, குடிங்க, ஒண்ணும் பண்ணாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். தான் மட்டும் குடிக்கவில்லை. அவனுக்குச் சர்க்கரை.

கரும்பு அடர்ந்துகொண்டே வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது கண்டபடி முளைக்கிற மாதிரி இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. பாருக்கும் பாருக்கும் பழைய இடைவெளி தப்பாமல், கிழக்கு மேற்காகப் பழைய போக்கு தப்பாமல் அது எழுந்து வந்தது. கல்லா ஒரு பாரில் நின்றது, கழிப்பறைக் கதவு ஒரு சாலில் திறந்தது. ஒவ்வொரு பாரிலும் கரும்பு வெளிப்பக்கத்தில்தான் அதிகம் கருகியிருந்தது. கிழக்கே நின்றது கிழக்குப் பக்கம், தெற்கே நின்றது தெற்குப் பக்கம், நாலு பக்கமும் அப்படியே. உள்ளேயிருந்து ஒரு பீடியில் பற்றிய தீ அப்படி எரியாது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அன்றைக்கே தெரியும். தெரிந்ததையே தரைக்கு மேலே நிற்க வைத்துப் பார்க்கும்போது கழுத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திருப்பிக்கொண்டு, இன்னொரு கேரமல் சொன்னார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எத்தனை பேர் குடித்தும் ஒன்றும் முளைக்கவில்லை. முதல் கரும்புக்குப் பக்கத்தில், ஜன்னலோர மேசைக்கு அடியில், ஒரு ஆள் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கிற நீளத்துக்குத் தரையோடுகள் உடையாமல் இருந்தன. சுற்றிலும் கரும்பு வேலி போட்ட மாதிரி நின்றது. அஞ்சலாட்சி எப்போது வந்தாலும் அந்த மேசையில்தான் உட்கார்ந்தாள். ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்தாள்.

ஒருநாள் பாவாடை மேஸ்திரி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாருக்குள் இறங்கி நடந்து பார்த்தவன், ஜன்னலோரத்துக்கு வந்து, மேசைக்கு அடியில் பார்த்தான், மேசையில் இருந்தவளைப் பார்த்தான்.

"வா மேஸ்திரி. தலைய ஆட்டிட்டுப் போவ வந்தியா?" என்றாள் அஞ்சலாட்சி.

பாவாடை, பேரன் குடித்து முடிக்கக்கூட விடாமல் அவனை இழுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாகத் தனகோடி அதைப் பார்த்தான். பாவாடை எங்கே குனிந்து பார்த்தான் என்பதையும் பார்த்தான். கடை மூடும்போது தானும் போய்க் குனிந்து பார்த்தான். மறுநாள் காலையில் கல்லாவில், 'கேரமல் மெஷின் பழுது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது.

ஊருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். காத்தவராயன் வெந்தபோது வராத கோபம், வெந்தவன் பெண்டாட்டியைக் கூலியில்லாமல் வெட்டவிட்டபோது வராத கோபம், கேரமல் இல்லை என்றதும் வந்தது. "வெயிலு மண்டைய பொளக்குது, ஒரு கேரமலு கேட்டா குடுக்க மாட்டன்றானே", "கரும்பு வந்தா வந்துட்டுப் போவுது, அவன் அப்பன் வூட்டுத் தரையா" என்று டீக்கடைகளில் பேசினார்கள். பேனரில் கைகூப்பிய தனகோடியின் முகத்தில் யாரோ சாணி அடித்தார்கள்.

அதோடு ஆலையும் வந்தது. ஃபீல்டுமேன் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வந்து, பார்களை நடந்து பார்த்து, கட்டிங் ஆர்டரைத் தனகோடியின் கையில் கொடுத்தார். "எரிஞ்ச கரும்பு சார். நிக்க நிக்க எடை போயிடும். ஒடனே வெட்டிடுங்க, லாரி அனுப்பறோம்."

"யோவ், இது ஓட்டலுய்யா."

"பயிர் நிக்குதே சார். நெலம் உங்க பேர்லதான இருக்கு."

பட்டணத்திலிருந்து கம்பெனிக்காரர்கள் கடையைப் பார்வையிட வருவதாகவும் தகவல் வந்தது. கரும்புக்கு நடுவே கோழி விற்கிறவனிடம் அவர்கள் தங்கள் பேரை விட்டுவைக்க மாட்டார்கள். கரும்பு புளிக்கவும் ஆரம்பித்தது. கதவைத் திறந்தாலே ஆலைக் கழிவு வாய்க்கால் மாதிரி பொரித்த எண்ணெய் வாசத்தோடு சேர்ந்து வீச்சம் அடித்தது. தனகோடி பாவாடைக்கு ஆள் அனுப்பினான். அஞ்சலாட்சி சொன்னால் வெட்ட இறங்குகிறோம் என்று பாவாடையிடமிருந்து பதில் வந்தது. வெட்டுகிற மெஷினைக் கொண்டுவரச் சொன்னான். அது கண்ணாடிக் கதவில் நுழையவில்லை. அசலூர்ச் செட்டு ஒன்றைக் கூட்டிவந்தான். அவர்கள் வாசலிலேயே கதையைக் கேட்டு, ஜன்னலோர மேசையை எட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்த வண்டியிலேயே போனார்கள். கடைசியில் அவன் அஞ்சலாட்சிக்குச் சொல்லியனுப்பினான். அவனைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய இறக்கம் கிடையாது.

அவள் மதியச் சோற்று நேரத்துக்கு வந்தாள். நல்ல கூட்டம். கேரமல் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறவர்கள் வந்திருந்தார்கள். கரும்புக்கு நடுவே மேசை கிடைத்தவர்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், கிடைக்காதவர்கள் சால்களில் நின்றிருந்தார்கள். கதவோரம் பாவாடையும் செட்டு ஆட்கள் சிலரும் நின்றார்கள். வினோதினி மைக்கில் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்ட நேரத்தில் அந்த மைக்கை அவள் அணைப்பதில்லை, குனிந்து குனிந்து பொத்தானை அமுக்க முடியாது. அவள் குரல் கடைக்குள்ளும், வெளியே வண்டி நிற்கிற இடத்திலும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

அஞ்சலாட்சி நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"ஒரு கேரமலு."

ஜெபின் தனகோடியைப் பார்த்தான்.

"மெஷின் ரிப்பேரு, அஞ்சலாட்சி" என்றான் தனகோடி. "சாக்லேட்டு குடி. காசு வேணாம்."

"நான் காசு குடுத்துத்தான் குடிப்பன். கேரமலு குடுக்கச் சொல்லுங்க, பேசலாம்."

தனகோடி கையை அசைத்தான். மெஷின் ஓடியது. அது என்றைக்கும் பழுதானதே இல்லை. வினோதினி கோப்பையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அஞ்சலாட்சி மூடிக்கு நடுவே ஸ்ட்ராவைக் குத்தினாள், ஆனால் குடிக்கவில்லை. கல்லா மேல் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மொதலாளி. கூப்ட்டீங்களாம்."

"செட்ட எறங்கச் சொல்லு. இன்னா கேக்குறியோ கேளு. பாப்பாவ மேனேஜரு ஆக்கிடறன். உனக்கு மாசா மாசம் எதுனா..."

"அவரு பீடி பிடிக்கலன்னு சொல்லுங்க."

"இன்னா?"

"காத்தவராயன் பீடி பிடிக்கல, அவரால தீ வரலன்னு இந்த மைக்குல சொல்லுங்க. அவ்ளோதான். சொன்ன நிமிஷம் நானே மொத ஆளா கத்தி எடுத்து எறங்குறன். கூலி வேணாம். பழக்கந்தான்."

சால்களில் நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் தனகோடி. "போலீசு எழுதினது. ஊரே ஒத்துக்கிட்டது. நானா சொன்னன்? மேஸ்திரிய கேளு."

பாவாடை கரும்புக்குப் பின்னால் நகர்ந்தான். கரிந்த கரும்பு அவனை மறைக்கப் போதவில்லை.

"மேஸ்திரிய அப்பறம் கேக்குறன். தெனம் என் பொண்ணு பீடிக்கொல்லைன்னு கேட்டுக்கிட்டு எறங்குறா. நாளைக்குப் பொறக்கப்போற பேரப்புள்ளயும் எறங்கும். சொல்லுங்க. நாலு வார்த்த."

"சொல்லலன்னா?"

"குடிப்பன்" என்றாள் அஞ்சலாட்சி. "இது முடிஞ்சா இன்னொண்ணு. உங்க கல்லாவுக்குக் கீழ ஒரு பாரு ஓடுது. அதுல இன்னும் பாதி வரல."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தனகோடிக்கு ஆகவில்லை. ஊரில் அவன் முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அவன் கல்லாவில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏய், இன்னாடி வெளயாடுறியா? நான் கொளுத்தினன்னு சொல்லவைக்கப் பாக்குறியா? சாட்சி இருக்கா? எவனாவது பாத்தானா?"

"நீ கொளுத்தினத நான் கேக்கவே இல்லியே" என்றாள் அஞ்சலாட்சி. வாழ்நாளில் முதல் முறை அவனை நீ என்றாள், அது அவளுக்கே தெரியவில்லை. "கொளுத்துறது இந்த ஊருல புதுசா? நம்ம ஊரு கூடலிங்கம் அவன் வயலக் கொளுத்துனான், குரல் குடுத்தான். என் மாமனாரு குத்தகைக்குப் போட்டத அவரே கொளுத்துனாரு, நாலு வரப்புலயும் நின்னு தொண்ட கிழியக் கத்திட்டுத்தான் குச்சிய எடுத்தாரு. எலிக்குக்கூட வழி விட்டுட்டு வைப்பான் இந்த ஊருக்காரன். குரல் குடுக்காம வச்சவன் ஒருத்தன். ஒரே ஒருத்தன். அவன்லாம் வெவசாயியா? அவன் கைல மண்ணு ஒட்டுமா? அவன் வரப்புல ஏறி நின்னா வரப்பு தாங்குமா? குரல் குடுக்காத நாயி..."

"குரல் குடுத்தன்டீ!" என்று கத்தினான் தனகோடி. "யார பாத்து நாயின்ற? நாலு பக்கமும் நின்னு குரல் குடுத்துட்டுத்தான் வச்சன்! அவன் கேக்கலன்னா நானா பொறுப்பு?"

மைக் அதை வாங்கிக் கடைக்குள் சொன்னது. ஒரு நொடி பிந்தி, வெளியே வண்டி நிற்கிற இடத்தில் சொன்னது. பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னது. வைத்தேன் என்ற வார்த்தை கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவன் காதிலேயே விழுந்தது.

எண்ணெய்ச் சட்டியில் எதுவோ பொரிகிற சத்தம் மட்டும் இருந்தது. ஜெபின் அதையும் அணைத்தான்.

"குடுத்தியா?" என்றாள் அஞ்சலாட்சி. அவள் குரல் இறங்கியிருந்தது. "நாலு பக்கமுமா?"

தனகோடி கல்லாவை விட்டு ஓர் அடி பின்னால் போனான்.

"நான் அடுத்த வயலு கீழவரப்புல புல்லு அறுத்துக்கிட்டு இருந்தன். குரல் கேட்டிருந்தா அவரப் பேரு சொல்லிக் கூப்ட்டிருப்பன். எந்திரிச்சி ஓடியாந்திருப்பாரு. கேக்கல. எனக்குக் கேக்கல, மேஸ்திரிக்குக் கேக்கல, இந்த ஊருல ஒரு காதுக்குக் கேக்கல." அவள் மைக்கை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "இப்பக் குடு. எப்படிக் குடுத்தன்னு கேக்குறன்."

அவன் மைக்கைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கதவுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சால் மட்டும் திறந்து கிடந்தது, அதில் யாரும் நிற்கவில்லை. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தான். கல்லாவில் படிந்திருந்த கரி கையோடு வந்து நெற்றியில் நீளமாக அப்பியது.

வினோதினி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தினமும் நம்பர் சொல்கிற அதே குரலில், அவசரம் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

முதலில் கதவோரத்திலிருந்து பாவாடை மேஸ்திரியின் குரல் வந்தது.

"இருக்கோம்."

"இருக்கோம்" என்றார்கள் செட்டு ஆட்கள். "இருக்கோம்" என்று சால்களில் தட்டோடு நின்றவர்கள் சொன்னார்கள், மேசையில் இருந்தவர்கள் சொன்னார்கள், விவரம் தெரியாத பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்தினார்கள், சமையலறைக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள், வெளியே பஸ் நிற்கிற இடத்திலிருந்தும் "இருக்கோம்" என்று கேட்டது. அந்தப் பதில் பத்து வருஷம் பிந்தி வந்தது. அது வந்தால் எல்லாரும் வெளியே ஓடுவதுதான் முறை. ஒருவரும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றார்கள்.

ஜன்னலோர மேசைக்கு அடியிலிருந்து பதில் வரவில்லை. அஞ்சலாட்சி அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் உட்கார்ந்தாள். பாவாடை கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, "எறங்கட்டுமா அஞ்சலாட்சி? வெட்டிடலாமா?" என்று கேட்டான்.

"வேணாம். நிக்கட்டும்" என்றாள்.

ஸ்ட்ராவை வாயில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சினாள். தனகோடிக்கும் கதவுக்கும் நடுவே, அவன் வெளியே போக மிச்சமிருந்த அந்தக் காலிச் சாலின் ஓரத்தில், தரை ஓடு ஒன்று நெம்பிக்கொண்டு எழுந்தது.